பறந்ததைப் பத்திரமாகப் பதிவு செய்ய... வாசகர் கேள்வி – பதில்

விமான சிமுலேட்டரில் பறப்பதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவர்கள் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரோ எக்ஸ்-பிளேன் 12-ஓ வைத்திருக்கிறார்கள். பதிவுக்கு எல்லோரும் இலவச மென்பொருளான ஓ.பி.எஸ். ஸ்டூடியோவையே பயன்படுத்துகிறார்கள். பதில்களும் அதற்கேற்றபடியே.

*கேள்வி: ஒன்றரை மணி நேரம் பறந்து, கோயம்புத்தூரில் இறங்கப்போகும் நேரத்தில் கரன்ட் போய்விட்டது. 9 ஜி.பி. அளவுக்கு எம்பி4 ஃபைல் இருக்கிறது. ஆனால் எந்த பிளேயரிலும் திறக்க மாட்டேன் என்கிறது. மீட்க வழி உண்டா?*
வாசகர், கோத்தகிரி

முதலில், அந்த ஃபைலை அழிக்காதீர்கள், அதன்மேல் எதையும் எழுதவும் விடாதீர்கள். உங்கள் படமும் ஒலியும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. இல்லாதது அட்டவணை மட்டும். எந்த ஃப்ரேம் ஃபைலில் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியலை எம்பி4 வகை, பதிவை நிறுத்தும்போது கடைசியில்தான் எழுதும். ஸ்டாப் பட்டனை அமுக்குவதற்குள் கரன்ட் போனால், பொருளடக்கமும் பக்க எண்ணும் இல்லாத புத்தகம்போல ஃபைல் நின்றுவிடும்.

மீட்பதற்கு 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதற்கு மாதிரியாக நல்ல ஃபைல் ஒன்று வேண்டும். அதே கணினியில், அதே ஓ.பி.எஸ். செட்டிங்கில், அதே ரெசல்யூஷனில் ஒரு நிமிடம் பதிவு செய்து முறையாக நிறுத்துங்கள். அந்த ஃபைலையும் உடைந்த ஃபைலையும் சேர்த்துக் கொடுத்தால், நல்லதன் அமைப்பைப் பார்த்துக் கெட்டதற்கு அட்டவணை கட்டப் பார்க்கும். செட்டிங்கை இடையில் மாற்றியிருந்தால் இது வேலை செய்யாது. அதனால் முதல் வேலையாக அந்த மாதிரியை எடுத்துவிடுங்கள். ஒலி விலகியோ கடைசிச் சில நொடிகள் இல்லாமலோ வரலாம், முழுதாக வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

இனிமேல் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். செட்டிங்ஸ், அவுட்புட், ரெக்கார்டிங் பகுதிக்குப் போய் ரெக்கார்டிங் ஃபார்மட்டை எம்.கே.வி. என்று மாற்றுங்கள். எம்.கே.வி. துண்டு துண்டாக எழுதப்படுவதால், கரன்ட் போன நொடி வரைக்கும் உள்ளது திறக்கும். எடிட்டருக்கு எம்பி4 தேவையென்றால் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' இருக்கிறது. அது தரத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவதால் ஒரு மணி நேர ஃபைலும் விரைவில் முடிந்துவிடும். 2024-இல் வந்த 30.2 பதிப்பிலிருந்து 'ஹைப்ரிட் எம்பி4' என்ற வகையும் இருக்கிறது. பாதியில் நின்றாலும் திறக்கும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் எம்.கே.வி.யிலேயே இருக்கலாம், குறை ஒன்றுமில்லை. நீண்ட பயணமென்றால் அதே பக்கத்தில் 'ஆட்டோமேட்டிக் ஃபைல் ஸ்பிளிட்டிங்' போட்டு 15 நிமிடத்துக்கு ஒரு ஃபைலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

யு.பி.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. காற்றும் மழையுமாக இருக்கும் மாதங்களில் கம்பிமேல் மரம் விழுவது மலையில் புதிதல்ல. கடையில் மலிவாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட்தான் தரும். சிமுலேட்டர் ஓடும்போது நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியும் மானிட்டரும் சேர்ந்து 350, 400 வாட் இழுக்கும். எனவே கரன்ட் போன அதே நொடியில் யு.பி.எஸ்.ஸும் கத்திவிட்டு அணைந்துபோகும். 1,000 அல்லது 1,100 வி.ஏ. வாங்குங்கள். அது தருவது சில நிமிடங்கள்தான், பதிவை நிறுத்திக் கணினியை முறையாக மூட அது போதும். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டுபவர்கள் அதன் பின்பக்கம் யு.பி.எஸ். மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறுவதற்கு ஆகும் அந்த இம்மி நேரத்திலேயே கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

*கேள்வி: குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேல் தாழப் பறந்து எடுத்த வீடியோ என் கணினியில் அருமையாக இருக்கிறது. யூடியூபில் ஏற்றினால் பச்சைக் களிமண் பூசியதுபோல ஆகிவிடுகிறது. மேகமும் வானமும் மட்டும் நன்றாகத் தெரிகின்றன. என்ன தப்பு?*
வாசகர், அருவங்காடு

தப்பு உங்களுடையதல்ல, தேயிலையுடையது! வீடியோ சுருக்கம் எப்படி நடக்கிறதென்றால், முந்தைய ஃப்ரேமில் இருந்ததில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளும். வெறும் வானத்தில் மாறுவது கொஞ்சம். தேயிலைச் செடிகளும் சோலை மரங்களும் அப்படியில்லை. பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கான புள்ளிகள், எல்லாமே ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்கின்றன. ஒதுக்கிய பிட்ரேட்டுக்குள் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவழிக்கும் தரவின் அளவு) அவ்வளவையும் எழுத முடியாதபோது, நுணுக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டம் கட்டமாக நிறத்தை நிரப்பிவிடும். கடலுக்கு மேல் பறப்பவருக்குப் போதுமான பிட்ரேட் நீலகிரியில் பறப்பவருக்குப் போதாது.

சரி செய்ய மூன்று இடங்கள் உள்ளன. முதலாவது பதிவு. பிட்ரேட்டை ஓர் எண்ணில் பூட்டாமல், ரேட் கன்ட்ரோலை சி.கியூ.பி. என்று வைத்து மதிப்பை 18 முதல் 20-க்குள் கொடுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். தேவைப்படும் இடத்தில் அதிகமாகவும், வானம் மட்டும் தெரியும் இடத்தில் குறைவாகவும் அதுவே செலவழித்துக்கொள்ளும். தோட்டத்துக்கு மேல் நொடிக்கு 40 மெகாபிட் வரை போனாலும் ஆச்சரியப்படாதீர்கள். அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 300 எம்.பி., மணிக்கு 18 ஜி.பி. ஆகும். எழுதும் வேகம் நொடிக்கு 5 எம்.பி.தான் என்பதால் பழைய ஹார்டு டிஸ்கே தாங்கும். சிமுலேட்டர் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் எழுத வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது ஏற்றுமதி. 1080பி வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 30 ஃப்ரேமுக்கு 8 மெகாபிட், 60 ஃப்ரேமுக்கு 12. ஆனால் நீங்கள் எவ்வளவு உயர்வாக அனுப்பினாலும் யூடியூப் தன் பங்குக்கு மறுபடி சுருக்கத்தான் செய்யும். 1080பி-க்கு அது ஒதுக்குவது கஞ்சத்தனமான அளவு. 1440பி ஆக ஏற்றினால் மேம்பட்ட வி.பி.9 முறையில் அதிகப் பிட்ரேட்டோடு சுருக்குகிறது. ஆகவே 1080பி-யில் எடுத்ததையே எடிட்டரில் 2560 x 1440 புராஜெக்டில் போட்டுப் பெரிதாக்கி ஏற்றுங்கள். 30 ஃப்ரேமுக்கு 16 மெகாபிட், 60-க்கு 24. படத்தில் புதிய நுணுக்கம் எதுவும் வந்து சேராது, இருப்பது மிஞ்சும். யூடியூபில் பார்ப்பவர் தரத்தை 1440பி என்று தேர்ந்தெடுத்தால்தான் முழுப் பலன் என்பதை டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, பறக்கும் விதம். தரையிலிருந்து 300 அடி உயரத்தில் 110 நாட் (மணிக்குச் சுமார் 200 கி.மீ.) வேகத்தில் போனால் செடிகள் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடும். 1,200, 1,500 அடிக்கு ஏறினால் அதே வேகத்தில் தரை நிதானமாக நகரும். தோட்டத்தின் வரிசைகளும் அப்போதுதான் வரிசையாகத் தெரியும். கேமராவை வெடுக்கென்று திருப்புவதைக் குறையுங்கள். இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் சிமுலேட்டரின் ஷார்ப்பனிங் செட்டிங்கைப் பாருங்கள். அதிக ஷார்ப்பனிங் பொய்யான ஓரங்களை உண்டாக்கி பிட்ரேட்டைத் தின்னும்.

பனிமூட்டத்துக்கு வேறு நோய். மூடுபனியில் நிறம் மெல்ல மெல்ல மாறும் இடங்களில் படிக்கட்டுபோலக் கோடுகள் விழும். எடிட்டரில் மிகக் குறைந்த அளவு ஃபிலிம் கிரெய்ன் (படத்தின்மேல் தூவும் பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் கோடு கலைந்துவிடும். அளவு கூடினால் தேயிலைப் பிரச்சினைக்கே திரும்பி வருவீர்கள்.

*கேள்வி: விளையாடும்போது சீராக ஓடுகிறது. ரெக்கார்டை அமுக்கியதும் வீடியோ திக்கித் திக்கிப் போகிறது. கார்டு மாற்ற வேண்டுமா?*
வாசகர், ஊட்டி

காசைப் பையிலேயே வையுங்கள். ஓ.பி.எஸ்.ஸில் வியூ மெனுவில் 'ஸ்டாட்ஸ்' திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அதில் இரண்டு வரிகளைப் பாருங்கள். 'ரெண்டரிங் லேக்' ஏறினால், கிராஃபிக்ஸ் கார்டை சிமுலேட்டரே நூறு சதவீதம் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஓ.பி.எஸ்.ஸுக்கு மூச்சுவிட இடமில்லை. 'என்கோடிங் லேக்' ஏறினால், படத்தைச் சுருக்கும் வேலை திணறுகிறது.

முதலாவதற்கு மருந்து ஃப்ரேமுக்கு வரம்பு போடுவது. சிமுலேட்டரிலோ கார்டின் கன்ட்ரோல் பேனலிலோ 30 என்று கட்டுங்கள். ஓ.பி.எஸ்.ஸிலும் 30 வையுங்கள். 37, 44, 39 என்று அலைபாயும் ஓட்டத்தை 30-இல் பதிவு செய்தால் சில ஃப்ரேம் விழுங்கப்படும், சில நிற்கும். கண்ணுக்கு அதுதான் திக்கலாகத் தெரியும். விமானக் காட்சிக்கு நிலையான 30, தள்ளாடும் 60-ஐவிட நன்றாக இருக்கும். மேகத்தின் தரத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் கார்டுக்கு நிம்மதி. தரையின் நுணுக்க அளவான டெரெயின் லெவல் ஆஃப் டீடெய்லை 200-லிருந்து 100-க்கு இறக்கினால் பிராசஸருக்கு நிம்மதி. ஓ.பி.எஸ்.ஸை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும்.

இரண்டாவதற்கு, என்கோடர் பெட்டியில் எக்ஸ்264 இருக்கிறதா என்று பாருங்கள். அது பிராசஸரில் ஓடுவது. சிமுலேட்டருக்கே பிராசஸர் போதாதபோது அதனிடம் இன்னொரு சுமையா? என்விடியா கார்டென்றால் என்வென்க், ஏ.எம்.டி. என்றால் அதன் ஹார்டுவேர் என்கோடர், இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் குவிக்சிங்க் என்று மாற்றுங்கள். அவை கிராஃபிக்ஸ் சில்லுக்குள்ளேயே இதற்கென்று இருக்கும் தனிப் பகுதியில் ஓடுபவை.

*கேள்வி: லேப்டாப்பில் ஓ.பி.எஸ். திரை கறுப்பாகவே இருக்கிறது.*
மாணவர், கூடலூர்

லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். சிமுலேட்டர் ஒன்றிலும் ஓ.பி.எஸ். இன்னொன்றிலும் ஓடினால் கறுப்புத்தான். விண்டோஸ் செட்டிங்ஸ், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் போய் ஓ.பி.எஸ்.ஸைச் சேர்த்து, விளையாட்டை மட்டும் பிடிக்கும் கேம் கேப்சர் பயன்படுத்தினால் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்றும், முழுத் திரையையும் பிடிக்கும் டிஸ்பிளே கேப்சர் பயன்படுத்தினால் பவர் சேவிங் என்றும் கொடுங்கள். பிறகு ஓ.பி.எஸ்.ஸை மூடித் திறக்க வேண்டும்.

*கேள்வி: எங்கள் வீடு தகரக் கூரை. ஜூன் பிறந்தால் மழைச் சத்தத்தில் என் வர்ணனை எடுபடுவதே இல்லை. நாய்ஸ் சப்ரஷன் போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிறது. விமான இன்ஜின் சத்தமும் பேச்சை அமுக்குகிறது.*
வாசகர், தேவாலா

தேவாலா மழை எந்த மென்பொருளுக்கும் அடங்காதுதான். ஓ.பி.எஸ்.ஸில் உள்ள ஆர்.என்.நாய்ஸ் ஃபில்டர் மின்விசிறி, கணினி ஃபேன் போன்ற சீரான ஒலியை நன்றாக நீக்கும். தகரத்தில் விழும் கனமழையை நீக்கப் போனால், மழைபோலவே ஒலிக்கும் ச, ஷ, ஸ எழுத்துகளையும் சேர்த்து அரித்துவிடும். கிணற்றுக் குரல் அதனால்தான்.

முடிந்தால் வர்ணனையைப் பறக்கும்போது பேசாதீர்கள். முதலில் பறந்து பதிவு செய்துவிட்டு, மழை ஓய்ந்த நேரத்தில் வீடியோவைப் பார்த்துக்கொண்டே பேசிச் சேருங்கள். உளறலும் குறையும். நேரலையாகத்தான் பேச வேண்டுமென்றால், டைனமிக் வகை மைக் வாங்குங்கள். கண்டென்சர் மைக் கூரைச் சத்தம் முழுவதையும் உள்ளே இழுக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி. நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். பின்னால் சுவரில் இரண்டு கம்பளி தொங்கவிட்டால் அறையின் எதிரொலி குறையும். அவை ஊட்டிக் குளிருக்கு வாங்கியவையாக இருந்தாலும் போதும்.

இன்ஜின் சத்தத்துக்கு வழி, ஒலியைத் தனித்தனித் தடத்தில் எடுப்பது. அவுட்புட் பக்கத்தில் ட்ராக் 1, 2, 3 மூன்றையும் டிக் செய்யுங்கள். பிறகு ஆடியோ மிக்சரில் 'அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸ்' திறந்து, ட்ராக் 1-இல் சிமுலேட்டர், மைக் இரண்டும், 2-இல் சிமுலேட்டர் மட்டும், 3-இல் மைக் மட்டும் என்று பிரியுங்கள். எடிட்டரில் இன்ஜினைத் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம். பேச்சின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையிலும், இன்ஜின் மைனஸ் 20-க்குக் கீழேயும் இருந்தால் கேட்க இதமாக இருக்கும். பிளேயரில் போட்டால் முதல் தடம் மட்டுமே கேட்கும். மற்றவை காணோமே என்று பதற வேண்டாம். விண்டோஸ் மைக் செட்டிங், ஓ.பி.எஸ். இரண்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரே எண்ணாக வையுங்கள். 44.1-உம் 48-உம் கலந்தால் கரகரப்பு வரலாம்.

அந்த மழைச் சத்தத்தையும் வீணாக்க வேண்டாம். போனில் பத்து நிமிடம் தனியாகப் பதிவு செய்து வையுங்கள். மேகத்துக்குள் போகும் காட்சிக்கு அடியில் மெலிதாகப் போட்டால் எந்தக் காப்புரிமைக்காரரும் கேட்டு வர மாட்டார்.

*கேள்வி: சினிமாப் பாட்டு 10 நொடிக்குள் இருந்தால் பரவாயில்லையாமே?*
வாசகர், வத்தலக்குண்டு

அப்படி ஒரு விதி கிடையாது. யூடியூபின் கன்டென்ட் ஐடி சில நொடிகளிலேயே பாட்டைக் கண்டுபிடித்துவிடும். விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ முடக்கப்படலாம். 'உரிமை அவர்களுக்கே' என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதுவதாலும் பயனில்லை. யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது, அதிலிருந்து எடுங்கள்.

*கேள்வி: மொபைல் டேட்டாதான், நாளைக்கு 2 ஜி.பி. அரை மணி நேர வீடியோவை எப்படி ஏற்றுவது? பென்டிரைவில் போட்டுக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகலாம் என்றால் 'ஃபைல் டூ லார்ஜ்' என்று வருகிறது, 32 ஜி.பி. காலியாக இருந்தும்.*
வாசகர், மஞ்சூர்

பென்டிரைவ் எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்-ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்தால் போதும்.

டேட்டா கணக்கு இப்படி: மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை எம்.பி. என்று வரும். 12 மெகாபிட் வீடியோ நொடிக்கு ஒன்றரை எம்.பி., நிமிடத்துக்கு 90 எம்.பி. எனவே 20 நிமிடமே 1.8 ஜி.பி. உங்கள் அரை மணி நேரம் 2.7 ஜி.பி. ஆகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.265 என்ற சுருக்க முறையைத் தேர்ந்தெடுத்து, தர எண்ணான ஆர்.எஃப்.-ஐ 22 என்று வைத்தால் அளவு கணிசமாக இறங்கும். யூடியூப் எச்.265-ஐ ஏற்கிறது. ஆனால் மேலே சொன்ன தேயிலைக் காட்சிகளில் அவ்வளவாக இறங்காது. இன்னும் எளிய வழி, ஏற்றத்தையும் நேர்ப் பறப்பையும் வெட்டி வீடியோவைப் பன்னிரண்டு நிமிடமாக்குவது. பார்ப்பவருக்கும் நல்லது.

பாதியில் நெட் போனால் 24 மணி நேரத்துக்குள் அதே ஃபைலை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பெயரையோ ஃபைலையோ மாற்றிவிடாதீர்கள். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவுக்கு போன் எண் சரிபார்ப்பு தேவை, அதை முதல் நாளே முடித்துவிடுங்கள். ஏற்றியதும் மங்கலாகத் தெரிந்தால் அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். யூடியூப் முதலில் குறைந்த தரத்தைத்தான் தயாரிக்கும், உயர் தரம் வர நேரமாகும். அதுவரை 'அன்லிஸ்டடு' (லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கக்கூடியது) என்று வைத்திருந்து, 1440பி வந்தபின் பப்ளிக் ஆக்குங்கள்.

*கேள்வி: செஸ்னா 172-இல் கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குப் போய் வீடியோ எடுக்க ஆசை. ஒவ்வொரு முறையும் மலையில் முட்டுகிறது, இல்லாவிட்டால் மேகத்துக்குள் போய் ஒன்றும் தெரிவதில்லை.*
மாணவி, குன்னூர்

கோயம்புத்தூர் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 அடியில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது சுமார் 8,650 அடி. பாதுகாப்பாகக் கடக்க 9,500 அடியாவது வேண்டும். ஆக, நீங்கள் ஏற வேண்டியது 8,000 அடிக்கு மேல். செஸ்னா நிமிடத்துக்குச் சராசரி 500 அடி ஏறினாலும் 16 நிமிடம். ஏறும்போது வேகம் 75 நாட் என்றால் அதற்குள் 20 கடல் மைல்தான் போயிருப்பீர்கள். ஊட்டி நேர்க்கோட்டில் 30 கடல் மைல். கணக்கில் சரியாகத் தெரிகிறது, ஆனால் உயரம் போகப் போக ஏறும் வேகம் குறையும், குன்னூர் சரிவோ அதற்கு முன்பே எழுந்து நிற்கும். மேட்டுப்பாளையம் சமவெளிமேல் இரண்டு மூன்று வட்டம் அடித்து 7,000 அடி எடுத்துக்கொண்டு பிறகு மலையை நோக்கித் திரும்புங்கள்.

பலர் மறப்பது மிக்ஸ்சர். 3,000 அடிக்கு மேல் காற்று மெலிகிறது. எரிபொருள் கலவையைக் குறைக்காமல் விட்டால் இன்ஜின் சக்தி இழக்கும். சிவப்புப் பிடியை மெல்ல வெளியே இழுங்கள். ஆர்.பி.எம். ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும். அப்போது கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். சிமுலேட்டரில் 'ஆட்டோ மிக்ஸ்சர்' போட்டிருந்தால் இந்த வேலை இல்லை.

மேகத்துக்கு: லைவ் வெதர் உண்மையான வானிலையைக் கொண்டுவருவது. தென்மேற்குப் பருவக்காற்றில் கூடலூர், அவலாஞ்சி பக்கமும், வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மூடிக்கிடப்பது சிமுலேட்டரிலும் அப்படியே வரும். வீடியோவுக்கென்றால் லைவை அணைத்துவிட்டு, சிதறிய மேகம் உள்ள பிரீசெட் ஒன்றை எடுத்து, காலை 7:30 என்று நேரம் வையுங்கள். குன்னூர் மலைச்சரிவு தென்கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் அதன் முகத்தில் விழ, சூரியன் உங்களுக்கு வலப்பக்கம் பின்னால் இருக்கும். மாலையில் போனால் மலை முழுக்கக் கறுப்பு நிழல்.

கொடைக்கானலுக்குப் போகிறவர்களும் இதே கணக்கைப் போடலாம். மதுரையிலிருந்து சுமார் 43 கடல் மைல் இருப்பதால் ஏறுவதற்கு இடம் தாராளம். தூண் பாறையும் கோக்கர்ஸ் வாக்கும் தெற்குச் சரிவின் விளிம்பில் இருக்கின்றன. வைகை அணைப்பக்கமிருந்து வடக்கே பார்த்து அணுகினால் மலைச்சுவர் முழுதும் ஃப்ரேமுக்குள் வரும். இரண்டு மலையிலும் ஓடுபாதை இல்லை, எனவே வீடியோவின் முடிவை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். திரும்பி இறங்கலாம், அல்லது ஹெலிகாப்டரில் போகலாம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 2022 நவம்பரில் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஹெலிகாப்டர் உண்டு.

*கேள்வி: 2021-இல் எங்கள் ஊரருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தை சிமுலேட்டரில் செய்து காட்டினால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா?*
வாசகர், வெலிங்டன்

நிறையப் பேர் பார்ப்பார்கள், அதுதான் பயமே. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த எம்.ஐ.17 வி5 நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து 14 பேர் இறந்தார்கள். அவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன, ஓடிப்போய் உதவிய ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசை உணர்வு தவறியது என்று 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்ட விசாரணை முடிவு சொன்னது. மேகத்துக்குள் திசை உணர்வு எப்படித் தவறுகிறது என்பதை விளக்க ஆசையென்றால், பெயரில்லாத ஒரு ஹெலிகாப்டரில், வேறோர் இடத்தில், செயற்கை அடிவானக் கருவியைப் பெரிதாகக் காட்டிச் செய்யுங்கள். மோதும் காட்சி அதற்குத் தேவையே இல்லை. அந்த விபத்தையே நடித்துக் காட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வீடியோவிலிருந்து 20 நொடியை வெட்டி யாரோ வாட்ஸ்ஆப்பில் 'நேரில் எடுத்த காட்சி' என்று அனுப்பிவிடுவார்கள். அர்மா 3 என்ற போர் விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போராகப் பரவியதால், அதைத் தயாரித்த போஹீமியா இன்டர்ஆக்டிவ் நிறுவனமே 2022 நவம்பரில் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. உங்கள் டைட்டிலும் டிஸ்கிரிப்ஷனும் வாட்ஸ்ஆப்புக்குக் கூட வராது. எச்சரிக்கை படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஓ.பி.எஸ்.ஸில் சோர்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் சேர்த்து, நிர்மலா யு.ஐ. எழுத்துருவில் 'இது சிமுலேட்டர் காட்சி' என்று எழுதுங்கள். மூலையில் வைத்தால் பயனில்லை. அகல வீடியோவை செங்குத்தாக வெட்டும்போது 1920 பிக்சலில் நடுவிலுள்ள 607 மட்டுமே மிஞ்சும். எனவே கீழே, நட்ட நடுவில், பாதி ஒளி ஊடுருவும்படி வையுங்கள். நிஜம்போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளுக்கு யூடியூப் 2024 முதல் கேட்கும் அறிவிப்புக் கட்டத்தையும் ஏற்றும்போது படித்துப் பார்த்துச் சரியாக நிரப்புங்கள்.

*கேள்வி: என் பையனுக்கு 14 வயது. சிமுலேட்டர் சேனல் தொடங்கித் தரச் சொல்கிறான். எதைக் கவனிக்க வேண்டும்?*
ஆசிரியை, கொடைக்கானல்

13 வயது ஆகிவிட்டதால் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நேரலை மட்டும் இப்போதைக்குத் தனியாகச் செய்ய முடியாது. 2025 ஜூலை முதல் அதற்கு 16 வயது என்று யூடியூப் உயர்த்திவிட்டது.

டிஸ்பிளே கேப்சர் வேண்டாம், கேம் கேப்சர் மட்டும். டிஸ்பிளே கேப்சரில் மெயில் அறிவிப்பு, வாட்ஸ்ஆப் வெப், டெஸ்க்டாப்பில் கிடக்கும் மார்க் ஷீட் ஃபைலின் பெயர் எல்லாம் வீடியோவில் ஏறிவிடும். சேனல் பெயரில் பள்ளியும் முழுப்பெயரும் வர வேண்டாம். முகம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை, விமானம்தான் கதாநாயகன். கமென்ட்டுகளை 'சரிபார்த்த பின் வெளியிடு' என்று வைத்து, முதல் சில மாதம் நீங்களே பாருங்கள். 'குழந்தைகளுக்காகத் தயாரிக்கப்பட்டது' என்ற கேள்விக்குப் பையன் வயதை நினைத்து ஆம் போட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி பார்ப்பவர்களைப் பற்றியது. ஆம் என்றால் கமென்ட் பகுதியே மூடிவிடும்.

*கேள்வி: இதில் பணம் வருமா?*
வாசகர், பழனி

முழு விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாகப் போனால் அந்த 4,000 மணிக்குப் பதில் 90 நாளில் 1 கோடி பார்வை. மைக்ரோசாஃப்டின் விளையாட்டு உள்ளடக்க விதிகள் யூடியூப் விளம்பர வருமானத்தை அனுமதிக்கின்றன, வீடியோவை விலைக்கு விற்பதை அனுமதிப்பதில்லை. அவர்கள் தரும் அறிவிப்பு வாசகத்தை டிஸ்கிரிப்ஷனில் ஒட்ட வேண்டும். இலவச சீனரி, விமானப் பெயின்ட் எதையாவது பயன்படுத்தியிருந்தால் செய்தவரின் பெயரையும் அங்கேயே போடுங்கள். அது விதிக்காக இல்லை, மரியாதைக்காக.